கன்னத்துக்குள் தெரியும் வெள்ளைப் படலமும் கொழும்புக்குப் போகவிருக்கும் இரத்தமும்

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 43 வயது. கணவருக்கு 50. கொட்பே துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். இரவில் கண் விழித்திருக்க வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று 25 வருடப் பழக்கம். ஏழெட்டு மாதமாக இடது கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைப் படலம். உறைப்புப் பட்டால் எரிகிறது. மீன்குழம்பு இல்லாமல் சோறு தொடாத மனிதர் இப்போது சொதியும் சோறுமாக முடித்துக்கொள்கிறார். கணவருடைய அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்பு வாய்ப் புற்றுநோய் வந்து, மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று, இறந்துபோனார். "துண்டு வெட்டி எடுத்த பிறகுதான் அண்ணைக்குப் பரவினது. என்ர வாயில ஒருத்தரும் கத்தி வைக்க விடமாட்டன்" என்று கணவர் ஒரே பிடியாக நிற்கிறார்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகன் இரண்டு விஷயங்களை அம்மாவிடம் காட்டியிருக்கிறான். ஒன்று, 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மைக்ரோ ஆர்.என்.ஏ. கண்டுபிடிப்புக்குக் கிடைத்த செய்தி. மற்றது வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். ஒரு குழாய் இரத்தம் எடுத்து, கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கும் அனுப்பி, மைக்ரோ ஆர்.என்.ஏ.யைப் பார்த்துப் பல புற்றுநோய்களை முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். கணவர் இதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். செலவுக்கு இரண்டு காப்பை ஈடு வைக்க வேண்டும். சகோதரி கேட்பது மூன்று கேள்விகள். இந்தப் பரிசோதனையை நம்பலாமா? பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வருகிறது என்றால் பரம்பரைதானே, பிள்ளைகள் இருவருக்கும் செய்ய வேண்டுமா? இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் துண்டு எடுக்காமல் விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடக் கூடாது. இரத்தப் பரிசோதனை என்ன சொன்னாலும் அந்தப் படலத்தை ஒரு பல் மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தேவை என்று அவர் நினைத்தால் அதிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம்.

மகன் சொன்னது பொய்யில்லை

முதலில் உங்கள் மகனுக்கு ஒரு சபாஷ். அவன் படித்த செய்தி முழு உண்மை. நம் உடம்பின் கலங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் டி.என்.ஏ. என்ற மூலப் பிரதி இருக்கிறது. தேவையான பகுதியை மட்டும் நகலெடுத்து வெளியே கொண்டுவருவது தூது ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துத்தான் கலம் புரதம் செய்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளமே உள்ள ஒரு துணுக்கு. தூது ஆர்.என்.ஏ.யில் தனக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதம் உருவாவதைக் குறைத்துவிடும், இல்லையென்றால் நிறுத்திவிடும். விக்டர் அம்புரோஸும் கேரி ருவ்குனும் இதை 1993இல் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு ஒன்றில் கண்டார்கள். புழுவின் தனிக் குணம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தார்கள். 2000இல் கண்டுபிடித்த இன்னொரு துணுக்கு மனிதர் உட்பட ஏராளமான விலங்குகளிலும் இருப்பது தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

புற்றுநோயோடு இதற்குள்ள தொடர்பு 2002இல் தெரியவந்தது. ஒரு வகை நாட்பட்ட இரத்தப் புற்றில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு துணுக்குகளுக்கான மரபணுப் பகுதியே பல நோயாளிகளிடம் அறுந்துபோயிருந்தது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிறேக் கழன்றால் வண்டி எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு 2008இல், இந்தத் துணுக்குகள் இரத்தத்தின் திரவப் பகுதியிலும் அழியாமல் மிதக்கின்றன என்று காட்டினார்கள். சாதாரண ஆர்.என்.ஏ. இரத்தத்தில் நிமிடக்கணக்கில் சிதைந்துபோகும். இவையோ புரதங்களோடு ஒட்டிக்கொண்டோ, சின்னக் கொழுப்பு உறைகளுக்குள் ஒளிந்துகொண்டோ தப்பிவிடுகின்றன. அன்று தொடங்கியதுதான் இரத்தத்திலேயே புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்ற ஆசை. வாய்ப் புற்றுக்கும் வேலை நடந்திருக்கிறது. மிர்-31 நோயாளிகளின் இரத்தத்திலும் எச்சிலிலும் கூடியிருப்பதையும், மிர்-125ஏ, மிர்-200ஏ இரண்டும் எச்சிலில் குறைந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டின.

உண்மையாகவே கைகொடுக்கும் ஓர் இடமும் உண்டு. இளைஞர்களுக்கு வரும் விதைப்பைப் புற்றில் மிர்-371 என்ற துணுக்கைப் பார்க்கும் பரிசோதனை. 2019இல் வெளியான பெரிய ஆய்வில் அது நூறு நோயாளிகளில் 90 பேரைச் சரியாகக் காட்டியது. இதுவரை நாம் நம்பியிருந்த குறியீடுகளைவிட அது மேல். அது ஒரு குறிப்பிட்ட புற்றுக்கு, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு, ஒரே ஒரு துணுக்கைப் பார்ப்பது. அதிலும் அந்தப் புற்றின் ஒரு வகையை அது காட்டாது. "ஒரு குழாய் இரத்தத்தில் எல்லாப் புற்றும்" என்ற விளம்பரத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் ஏன் மறிக்கிறேன்

உங்கள் கணவரின் கையிலிருந்து இரத்தம் எடுப்பதிலிருந்து தொடங்குவோம். மெல்லிய ஊசியால் அவசரமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, சூட்டில் கிடந்தாலோ சிவப்பணுக்கள் உடையும். திரவப் பகுதி வைக்கோல் நிறத்தில் இருப்பதற்குப் பதிலாக இளஞ்சிவப்பாக மாறும். சிவப்பணுக்களுக்குள் மிர்-16உம் மிர்-451உம் நிறைந்து கிடக்கின்றன. உடைந்தவுடன் அவை வெளியே கொட்டிவிடும். புற்றின் அடையாளம் என்று முன்பு எழுதப்பட்ட பல துணுக்குகள் உண்மையில் இரத்த அணுக்களிலிருந்தே வந்தவை என்று பிறகு தெரியவந்தது. இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. மிர்-16ஐப் பல ஆய்வுகூடங்கள் அளவுகோலாக வைத்து மற்றவற்றை அளந்தன. அளவுகோலே நீண்டு சுருங்கினால் அளவு எப்படிச் சரியாகும்? திருகோணமலையில் எடுத்து, பஸ்ஸிலோ வானிலோ ஆறேழு மணித்தியாலம் குலுங்கிக் கொழும்பு போய், பிறகு விமானம் ஏறும் குழாயை நினைத்துப் பாருங்கள். நல்ல ஆய்வுகூடம் இரத்தத்தை உடனே சுழற்றித் திரவத்தைப் பிரித்து, உறைய வைத்துத்தான் அனுப்பும். உங்களுக்கு வந்த விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது மிர்-21. பல புற்றுகளை ஒன்றாகத் தேடும் பரிசோதனைகளின் பட்டியல்களில் பெரும்பாலும் இதன் பெயர் இருக்கும். மார்பு, குடல், நுரையீரல், வாய் என்று பல புற்றுகளில் கூடுகிறது. அழற்சியிலும் கூடும், இருதய நோயிலும் கூடும், தழும்பு படரும் நோய்களிலும் கூடும். 25 வருடம் வெற்றிலை போட்ட வாய், முரசு வீக்கம், கொஞ்சம் பிறஷர். இப்படியான ஓர் உடம்பில் அது கூடியிருந்தால் அதிலிருந்து நான் எதை எடுத்துக்கொள்வது?

மகனிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள், போட்டுப் பார்க்கட்டும். நோயுள்ள நூறு பேரில் 90 பேரைக் காட்டும், நோயில்லாத நூறு பேரில் பத்துப் பேரைத் தவறாகப் பயமுறுத்தும் ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். அது கெட்ட பரிசோதனை இல்லை. ஆயிரம் பேருக்குச் செய்கிறோம், அதில் ஐந்து பேருக்குத்தான் உண்மையில் நோய். அந்த ஐவரில் நாலைந்து பேர் அகப்படுவார்கள். நோயே இல்லாத 995 பேரில் ஏறக்குறைய நூறு பேர் வீணாகக் கலங்கிப்போவார்கள். அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு "இருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்தால் அது பெரும்பாலும் பிழையாகவே இருக்கும்.

உங்கள் கணவரின் நிலை இதற்கு நேர் எதிர். அவருக்கு அறிகுறி இருக்கிறது. அவரிடம் எனக்குப் பயம் "இல்லை" என்று வரும் ரிப்போர்ட்டைத்தான். ஆரம்பத்தில் இருக்கும் சின்னப் புற்று இரத்தத்தில் விடும் துணுக்குகள் சொற்பம். பரிசோதனை தவறவிடுவது அங்கேதான் அதிகம். அந்தக் காகிதத்தை அவர் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் கடலுக்குப் போவார். படலம் வாயில் அப்படியே இருக்கும்.

இரத்தத்தில் "இருக்கிறது" என்று வந்தாலும் அடுத்த படி துண்டு எடுப்பதுதான். "இல்லை" என்று வந்தாலும், படலம் இருக்கும்வரை அடுத்த படி அதேதான். அவருடைய காரியத்தில் இந்தப் பரிசோதனை எந்த முடிவையும் மாற்றப்போவதில்லை. பிறகு காப்பை எதற்கு ஈடு வைப்பது?

உயிரைக் காத்தது என்று நிரூபணமான பரிசோதனை ஒன்று இருக்கிறது, சகோதரி. அதற்கு ஒரு டோர்ச் போதும். 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஓர் ஆய்வில் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த முடிவில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப் புற்றால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம் நாட்டிலும் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களால் இந்த அடையாளங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. இரத்தப் பரிசோதனை எதுவும் வாய்ப் புற்றில் இப்படி ஓர் உயிரைக் காத்ததாக நிரூபிக்கவில்லை. ஒரு நாள் நிரூபிக்கலாம், அந்த நாள் வர வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயம்

இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். கண் முன்னால் அண்ணனைப் பறிகொடுத்தவரின் பயம் அது. நடந்தது பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும். அண்ணன் வைத்தியசாலைக்குப் போனபோதே கழுத்தில் நெறி கட்டியிருக்கும், வாய் திறக்க முடியாமல் இருந்திருக்கும். புற்று அதற்கு முன்பே பரவிவிட்டது. துண்டு எடுத்தது ஒரு கிழமை, நிலைமை மோசமானது அடுத்த மாதம். பார்க்கிறவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். துண்டு எடுத்ததால் வாய்ப் புற்று பரவுவதில்லை. பிந்தி வருவதால்தான் பரவியிருக்கிறது.

துண்டு எடுப்பது எப்படி என்று அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள், தெரியாததுதான் அதிகம் பயமுறுத்தும். பல் பிடுங்கப் போடுகிற அதே விறைப்பு ஊசி. விறைத்த பிறகு, ஒரு பச்சை அரிசியளவு, சில நேரம் கொஞ்சம் பெரிதாக, ஒரு துண்டு. ஒன்றிரண்டு தையல். அன்றைக்கே வீட்டுக்கு வந்து ஆறின கஞ்சி குடிக்கலாம். அந்தத் துண்டை வாய்த் திசு நிபுணர்கள் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இப்படியான துண்டுகள் பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்துக்குப் போகின்றன. அரச வைத்தியசாலையில் இது எதற்கும் காசு இல்லை.

துண்டு எடுத்தால் புற்று என்றுதான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். வாயில் வரும் வெள்ளைப் படலங்களில் புற்றாக மாறுபவை நூறில் ஏறக்குறைய பத்து. மற்றவை மாறுவதில்லை. எது மாறக்கூடியது என்று அறிவதற்குத்தான் அந்தத் துண்டு. படலத்தில் சிவப்பு கலந்திருந்தால், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால், தொட்டால் கட்டியாகத் தட்டுப்பட்டால், கழுத்தில் நெறி இருந்தால், நாளை மறுநாள் என்று தள்ளிப்போட நேரமில்லை.

எரிவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். அவரவர் விரல் மூன்று அவரவர் வாய்க்குள் போக வேண்டும். என் கிளினிக்குக்கு ஒருமுறை ஒரு கடற்தொழிலாளி பல்வலி என்று வந்தார். மூன்று விரல் வைக்கச் சொன்னேன். இரண்டு போனது, மூன்றாவது பல்லில் முட்டி நின்றது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். "போன வருசம் போனது ஐயா" என்றார். பாக்கினால் வாயின் உள்தோல் இறுகிக்கொண்டு வரும் நோய் அவருக்கு. கன்னத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நூல் நூலாகத் தட்டுப்படும். உறைப்புப் படுகிற எரிவு அதன் முதல் அடையாளம். அதுவும் புற்றாக மாறக்கூடியதுதான்.

பிள்ளைகளுக்கு வேண்டாம்

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை பரம்பரையைக் காட்டுவதில்லை. இன்றைக்கு உடம்பில் எந்தத் துணுக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான் அது அளக்கும். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் குறையைத் தேடுவது வேறு பரிசோதனை. அதோடு, வாய்ப் புற்று ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்கு வருவது பெரும்பாலும் இரத்தத்தால் அல்ல, ஒரே வெற்றிலைத் தட்டால். அண்ணனும் தம்பியும் ஒரே படகில், ஒரே பையிலிருந்து போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அவர்கள் பாக்குப் பாக்கெட் வாங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று. "இப்ப புகையிலையை விட்டுட்டார், வெறும் பாக்குத்தான்" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். அவர் விட்டது பெரிய காரியம், அதை அவரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். ஆனால் புகையிலை இல்லாத பாக்கும் மனிதரில் புற்றை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. படலம் இருக்கும் பக்கம்தான் அவர் அடக்கி வைக்கும் பக்கமா என்று கேட்டுப் பாருங்கள். வாயில் அடக்கிக்கொண்டே படகில் தூங்கிப்போகும் வழக்கம் இருந்தால், முதலில் நிறுத்த வேண்டியது அதை. இரவுக் காவலுக்கு ஒரு பிளாஸ்க் நிறையப் பிளேன்ரீயும் கொஞ்சம் பனங்கட்டியும் கட்டிக்கொடுங்கள். ரீயை ஆறவிட்டுக் குடிக்கட்டும்.

காப்பும் உங்கள் உரிமையும்

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பரிசோதனையைச் செய்தே தீருவது என்றால் அது உங்கள் காசு, உங்கள் உரிமை. கட்டுவதற்கு முன்பு சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். இரத்தம் சேகரிக்கும் இடம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டதா? வாய்ப் புற்று உள்ளவர்களிலும் வெற்றிலை போடும் ஆரோக்கியமானவர்களிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? குழாய் உடைந்தோ சூடேறியோ போனால் காசு திரும்பி வருமா? முடிவை உட்கார்ந்து விளக்கப்போகும் மருத்துவர் யார்? மிஞ்சிய இரத்தத்தையும் அவருடைய விவரங்களையும் என்ன செய்வார்கள்? ஒரு கேள்விக்காவது "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் காப்புக் கையிலேயே இருக்கட்டும்.

அவரை எப்படிக் கூட்டிப் போவது

"புற்று" என்ற சொல்லை எடுக்காதீர்கள். உறைப்புச் சாப்பிட முடியாததுதான் அவருக்குத் தினமும் உறுத்துவது. "எரிவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வருவோம்" என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை. எரிவுக்கும் சிகிச்சை இருக்கிறது. முழுநிலவு நாட்களில் படகு கரையில் நிற்கும்போது, திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் காலையிலேயே போய் நம்பர் எடுங்கள். வாய், முக, தாடை சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டுமா என்பதை அவர்கள் பார்த்து அனுப்புவார்கள். கத்தியைப் பற்றி அவர் கேட்டால், "முதல் நாள் பார்க்கத்தான், உங்களிடம் கேட்காமல் ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்று சொல்லுங்கள். அது உண்மை. அவருடைய சம்மதக் கையெழுத்து இல்லாமல் துண்டு எடுக்க மாட்டார்கள்.

படலத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டோர்ச் பிடிக்க மகன் இருக்கிறான். நுணுக்குக்காட்டி முடிவு "புற்று இல்லை" என்று வந்தாலும் படலம் இருக்கும்வரை சொன்ன திகதிகளுக்குக் கிளினிக்குக்குப் போக வேண்டும். பழைய படம் கையில் இருந்தால் பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று மருத்துவரால் ஒப்பிட முடியும்.

உங்கள் கடிதத்தின் நாலாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. "நானும் மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு வாய் போடுவன், ஆனால் புகையிலை சேர்க்கிறேல்லை." அதை நான் மூன்று தரம் படித்தேன். அன்றைக்கு இரண்டு நம்பர் எடுங்கள், சகோதரி. முதல் நம்பர் உங்களுக்கு. அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கதிரையில் நீங்கள் உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் எழும்பி வருவதைப் பார்த்த பிறகு அவர் உட்காருவது சுலபமாக இருக்கும்.